சால்ஸ்பரி பேராலயம்: தூண்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயத்தைப் பலரும் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். கையில் இருப்பது ஒரு மணி நேரம். சிற்பி வில்லியம் பை வடிவமைத்த ஞானஸ்நானத் தொட்டியின் நீரில் கூரை தெரிவதைப் படமெடுப்பது, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான மேக்னா கார்ட்டாவின் 1215ஆம் ஆண்டுப் படியைப் பார்ப்பது, கிளம்புவது. முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தடத்தில்தான் போகிறார்கள். கட்டுமானத்தை வியக்க வந்தவர்கள் அதை எங்கே கோட்டைவிடுகிறார்கள் என்பது மட்டும் இங்கே.

நடுத்தூண்களைக் கவனிக்காமல் கடப்பது

இதுதான் பெரிய இழப்பு. கூடமும் குறுக்குக் கூடமும் சிலுவையாய்ச் சந்திக்கும் இடத்தில் நான்கு தூண்கள் நிற்கின்றன. அதில் பையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூரையைப் படமெடுக்கிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். இந்தக் கட்டடத்தின் கதையே அந்தத் தூண்களில்தான் இருக்கிறது.

பேராலயத்தின் முக்கிய உடல் 1220இல் தொடங்கி 1258க்குள், 38 ஆண்டுகளில் எழுந்தது. அப்போது நடுவில் இருந்தது தாழ்வான கோபுரம்தான். தூண்களும் அந்த எடைக்கே கட்டப்பட்டவை. அடுத்த நூற்றாண்டில் அதன்மேல் உயர்ந்த கோபுரத்தையும் கூம்பையும் ஏற்றி 123 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். கூடிய சுமை சுமார் 6,500 டன். அஸ்திவாரமோ சரளைப் படுகையின் மேல் ஏறத்தாழ 4 அடி ஆழம். தூண்கள் வளைந்தன. கூம்பும் சுமார் 70 சென்டிமீட்டர் சாய்ந்தது. 1668இல் ஆய்வு செய்த கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென், இரும்புக் கட்டுகள் போடச் சொன்னார்.

வளைவைக் கண்ணால் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. தூணிலிருந்து ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். ஒரு விளிம்பைத் தேர்ந்துகொண்டு, கண்ணை அடியிலிருந்து மெல்ல மேலே ஏற்றுங்கள். கோடு நேராகப் போகாமல் நடுவில் விலகுவது தெரியும். பிறகு கூடத்தில் உள்ள சாதாரணத் தூண் ஒன்றை அதேபோல் பாருங்கள். வித்தியாசம் உடனே பிடிபடும். போனில் எடுப்பதென்றால் அகலக்கோண லென்ஸ் வேண்டாம். அது நேர்க்கோட்டையே வளைத்துக் காட்டும். பிறகு படத்தில் எது கல்லின் வளைவு, எது லென்ஸின் வளைவு என்று பிரிக்கவே முடியாது. 1x-இல், போனை மேல்நோக்கிச் சாய்க்காமல் எடுங்கள்.

அங்கிருந்தே இடமும் வலமும் திரும்பினால், குறுக்குக் கூடங்களின் வாயிலில் தாங்கு வளைவுகள் தெரியும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். தூண்கள் மேலும் வளையாமலிருக்க 15ஆம் நூற்றாண்டில் கொடுத்த முட்டு அவை. கிழக்குப் பக்கச் சிறிய குறுக்குக் கூடங்களில், ஒன்றின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும் கத்தரி வளைவுகளும் அதே வேலைக்காக வந்தவைதான். ஒரு கட்டடம் தன் சுமையோடு மல்லுக்கட்டுவதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். ஐந்து நிமிடம் போதும், அதைக்கூடக் கொடுக்காமல் போவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

கருங்கல் என்று நினைப்பது

கறுத்துப் பளபளக்கும் மெல்லிய தூண்கள் பர்பெக் மார்பிள். பெயரில்தான் மார்பிள், உண்மையில் மெருகேற்றிய சுண்ணாம்புக்கல். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் கல்லுக்குள் நத்தை ஓடுகள் சுருள் சுருளாகத் தெரியும். தொடாதீர்கள்.

கோபுரம் ஏறாமல் விடுவது

332 படிகள். வழிகாட்டியோடுதான் ஏற முடியும், முன்பதிவு செய்துவிடுங்கள். மூச்சிரைப்பு, முழங்கால் வலி, உயர பயம் உள்ளவர்களுக்குச் சரிவராது. ஏற முடிந்தவர்கள் ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் ஏறாதீர்கள். கூம்பின் அடியில் நின்று உள்ளே அண்ணாந்து பாருங்கள். கட்டும்போது போட்ட மரச்சாரம் இன்றும் அங்கேயே நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கல்சுவரின் கனம் பெரும்பகுதி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு சாண்தான்.

தரையைப் பார்க்காதது

தரைக்கல் ஒன்றின் கீழே சிறு குழி. கோலை விட்டு நிலத்தடி நீர்மட்டம் அளப்பார்கள். காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

முகப்பில்லாத கடிகாரத்தைப் பழுது என்று நினைப்பது

பழுதில்லை. 1386ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அது மணியடிக்க மட்டுமே செய்யப்பட்டது.

மாலை வழிபாட்டின்போது சுற்றுவது

வேண்டாம். உட்கார்ந்து பாடலைக் கேளுங்கள்.