இறுகிய சின்ன வளையங்களைக் கொண்டு மூலக்கூறு கட்டுவது எப்படி?

கரிமத் தொகுப்பு, அதாவது கார்பன் மூலக்கூறுகளைக் கட்டும் கலை, படிக்க ஆரம்பித்த புதிதில் மூன்று கார்பன் வளையமான சைக்ளோபுரப்பேனை நான் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். 109.5 பாகை வேண்டிய கார்பன் 60 பாகையில் மடங்கிக் கிடக்கிறதே, லேசாகத் தொட்டாலே தெறித்துவிடும் என்று நம்பி, ஒரு சாதாரண சைக்ளோபுரப்பேன் சேர்மத்துடன் அமீனை (நைட்ரஜன் வழியாகத் தாக்கும் சேர்மம்) சேர்த்து இரவு முழுக்கச் சூடாக்கினேன். காலையில் பார்த்தால் போட்டது போட்டபடியே இருந்தது.

நாண் ஏற்றிய வில்லிலிருந்து அம்பு தானாகப் பாயாது, யாராவது விட வேண்டும். சின்ன வளையமும் அப்படித்தான். உள்ளே ஆற்றல் இருக்கிறது, ஆனால் அது வெளியே வர ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியை எங்கே தேடுவது, இல்லாவிட்டால் எப்படிப் பொருத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இறுக்கம் எவ்வளவு என்று பாருங்கள்

மோலுக்கு கிலோகலோரி கணக்கில் சைக்ளோபுரப்பேனின் இறுக்கம் ஏறக்குறைய 27.5. சைக்ளோபியூட்டேன் 26. எப்பாக்சைடும் (இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன் கொண்ட மூன்று உறுப்பு வளையம்) அசிரிடினும் (ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன்) 27-ஐ ஒட்டி வரும். சைக்ளோபென்டேனில் அது 6-க்கு இறங்கிவிடும், சைக்ளோஹெக்சேனில் ஏறக்குறைய பூஜ்யம். அதனால்தான் "சின்ன வளையம்" என்றாலே மூன்றும் நான்கும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கோண இறுக்கத்தை முதலில் பேசியவர் அடால்ஃப் ஃபான் பேயர், 1885-இல்.

இப்போது இன்னொரு எண். சைக்ளோபுரப்பேனை வெறும் வெப்பத்தால் புரொப்பீனாக மாற்ற, கடக்க வேண்டிய ஆற்றல் தடை சுமார் 65 கிலோகலோரி. உள்ளே இருப்பது 27, தாண்ட வேண்டியது 65! 400 பாகை செல்சியசுக்கு மேலே போனால்தான் அது அசையும். என் அமீன் ஏன் தோற்றது என்று இப்போது புரிகிறதா?

படி 2: உடையும் பிணைப்பின் இரு முனைகளிலும் சுமையைக் குறியுங்கள்

எனக்குக் கேட்டால் முழு வேலையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. வளையத்தை வரைந்து, உடைய வேண்டிய பிணைப்பின் ஒரு முனையில் பிளஸ், மறுமுனையில் மைனஸ் போடுங்கள். பிறகு கேளுங்கள்: அந்த மைனசைத் தாங்க யாராவது இருக்கிறார்களா?

எப்பாக்சைடில் இருக்கிறார். ஆக்சிஜன் எதிர்மின்சுமையைத் தாங்கிக்கொள்ளும். சாதாரண ஈதரில் அதே ஆக்சிஜன் நல்ல வெளியேறும் தொகுதி (பிணைப்பை விட்டு எளிதாகக் கழன்று போகும் பகுதி) அல்ல. வளைய இறுக்கம் கை கொடுப்பதால்தான் எப்பாக்சைடில் அது வெளியேற முடிகிறது. வெறும் சைக்ளோபுரப்பேனில் கார்பன்தான் மைனசைச் சுமக்க வேண்டும், அதனால் முடியாது. இறுக்கம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிடி ஒன்றில் மட்டும் இருக்கிறது.

அப்படியானால் சைக்ளோபுரப்பேனுக்குப் பிடி பொருத்த முடியாதா? முடியும். ஒரு கார்பனில் இரண்டு எஸ்டர் தொகுதிகளையும் பக்கத்துக் கார்பனில் ஒரு ஃபீனைல் வளையத்தையும் வையுங்கள். எஸ்டர்கள் மைனசைத் தாங்கும், ஃபீனைல் பிளசைத் தாங்கும். இவற்றைக் கொடையாளி-ஏற்பி சைக்ளோபுரப்பேன் என்பார்கள். ஒரு லூயி அமிலத்தை (எலக்ட்ரான் இணையை ஏற்கும் சேர்மம்) சேர்த்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு தளர்கிறது. பக்கத்தில் ஒரு ஆல்டிஹைடு இருந்தால் அதன் C=O உள்ளே புகுந்து, மூன்று கார்பனும் இரண்டு அணுவும் சேர்ந்த ஐந்து உறுப்பு டெட்ராஹைட்ரோஃபியூரான் வளையம் கிடைக்கும். ஆல்டிஹைடுக்குப் பதில் இமீன் (C=N உள்ளது) என்றால் நைட்ரஜன் உள்ள ஐந்து உறுப்பு வளையமான பைரோலிடின். மூன்று கார்பன் துண்டு ஒன்று, ஒரு முனையில் பிளஸ், மறுமுனையில் மைனஸ், சுருட்டி வைத்தது: இவற்றை இப்படி நினைத்துக்கொண்டால் வினை எழுதுவது சுலபம்.

படி 3: தாக்கும் பக்கத்தைத் தீர்மானியுங்கள்

ஐசோபியூட்டிலீன் எப்பாக்சைடை வரையுங்கள். ஒரு கார்பனில் இரண்டு மெத்தில், மற்றது வெறும் CH₂. மெத்தனாலில் சோடியம் மெத்தாக்சைடு போட்டால், தாக்கும் மெத்தாக்சைடு நெரிசல் குறைந்த CH₂ பக்கம் போகும். விளைபொருள் 1-மெத்தாக்சி-2-மெத்தில்புரப்பேன்-2-ஆல். அதே மெத்தனாலில் ஒரு சொட்டு கந்தக அமிலம் விட்டால் கதை மாறும். ஆக்சிஜன் புரோட்டானை ஏற்றதும் அதிக மெத்தில் உள்ள கார்பனின் பிணைப்பு நீண்டு, பிளஸ் அங்கே குவிகிறது, மெத்தனாலும் அங்கேதான் வந்து சேரும். கிடைப்பது 2-மெத்தாக்சி-2-மெத்தில்புரப்பேன்-1-ஆல். குடுவை ஒன்று, தொடக்கப் பொருள் ஒன்று, விளைபொருள் மட்டும் இரண்டு விதம். (ஸ்டைரீன் ஆக்சைடு இவ்வளவு ஒழுங்காக நடக்காது, கலவை வரும். அதைப் பிறகு முயலுங்கள்.)

எந்தப் பக்கமானாலும் தாக்குதல் ஆக்சிஜனுக்குப் பின்புறமிருந்துதான். எனவே சைக்ளோஹெக்சீன் ஆக்சைடில் அசைடு (N₃⁻ அயனி) சேர்ந்தால் வருவது டிரான்ஸ் சேர்மம், அதாவது அசைடும் OH-உம் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும்.

படி 4: வளையத்தைச் செய்வது

ஆல்கீனிலிருந்து (C=C இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மம்) எப்பாக்சைடு செய்ய ஒரு பெராக்சி அமிலம் போதும். ஆல்கீனிலிருந்து சைக்ளோபுரப்பேன் வேண்டுமானால் டைஅயோடோமீத்தேனும் துத்தநாகமும் கொண்டு செய்யும் சிம்மன்ஸ்-ஸ்மித் வினை இருக்கிறது, 1958-இலிருந்து. இன்னும் நிறைய வழிகள் உண்டு, ஆனால் தொடக்கத்தில் வளையத்தை விலைக்கு வாங்கித் திறந்து பழகுவதே நல்லது என்பேன்.

படி 5: ஒரு முழு உதாரணம், புரோப்ரனோலால்

இதயத்துக்குக் கொடுக்கும் இந்த மருந்தை இரண்டே படியில் கட்டிவிடலாம். 1-நாஃப்தால், எபிகுளோரோஹைட்ரின், ஐசோபுரொப்பைல் அமீன், இவ்வளவுதான். நடுவிலுள்ள மூன்று கார்பன் முழுவதும் எபிகுளோரோஹைட்ரின் தருவது. இது ஒரு எப்பாக்சைடுதான், அதன் ஒரு கார்பனில் CH₂Cl தொங்கும்.

முதலில் நாஃப்தாலை ஒரு காரத்தோடு சேர்த்து எபிகுளோரோஹைட்ரினில் விடுகிறோம். குளோரினை நேரடியாக இடம்பெயர்க்கிறது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் நாஃப்தாக்சைடு (காரம் புரோட்டானைப் பிடுங்கிய நாஃப்தால்) எப்பாக்சைடின் CH₂ முனையைத் தாக்கி வளையத்தைத் திறந்து, அங்கே உருவான ஆல்காக்சைடு மறுபுறத்துக் குளோரினை உதைத்துத் தள்ளி, புதிய எப்பாக்சைடாக மூடிக்கொள்ளவும் செய்யும். ஒரு வளையம் போய் இன்னொரு வளையம் வந்து நிற்கிறது! எபிகுளோரோஹைட்ரினை மிகையாக எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் இரண்டு நாஃப்தால் ஒரே துண்டில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு அமீன். அது நெரிசலற்ற CH₂ பக்கம் தாக்கும், படி 3-இல் பார்த்ததுதான். இதையும் மிகையாகப் போட வேண்டும். உருவாகும் இரண்டாம் நிலை அமீனும் இன்னொரு எப்பாக்சைடைத் தாக்கத் தயாராக இருக்கும், அதற்கு வாய்ப்புத் தரக்கூடாது. ஐசோபுரொப்பைல் அமீன் 32 பாகையிலேயே கொதிப்பதால் மூடிய கலனில் இளஞ்சூட்டில் நடத்துவார்கள். மிகை அமீன் கடைசியில் ஆவியாகப் போய்விடும் என்பது இதே குணத்தால் கிடைக்கும் வசதி.

எச்சரிக்கை: எப்பாக்சைடைத் தாக்கும் அமீன் தொகுதிகள் நம் உடலின் புரதத்திலும் டி.என்.ஏ.விலும் இருக்கின்றன. எபிகுளோரோஹைட்ரின் தோல் வழியாகவும் உள்ளே போகும், சாதாரண நைட்ரைல் கையுறையை விரைவாக ஊடுருவிவிடும். ப்யூட்டைல் ரப்பர் கையுறை, ஃப்யூம் ஹுட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு), அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில். இந்த மூன்றும் இல்லையென்றால் தாளிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: வளையம் திறந்ததா என்று சரிபார்ப்பது

டி.எல்.சி. (கலவையின் பொருட்களை மெல்லிய தட்டில் பிரித்துக் காட்டும் சோதனை) தட்டில் அமீன் விளைபொருள் வால் இழுத்துக்கொண்டு கீழேயே நிற்கும். கரைப்பானில் கொஞ்சம் டிரைஎத்தில் அமீன் சேர்த்து ஓட்டினால் புள்ளி ஒழுங்காகும்.

அப்புறம் புரோட்டான் என்.எம்.ஆர்., அதாவது ஹைட்ரஜன்கள் எந்தச் சூழலில் இருக்கின்றன என்று காட்டும் காந்த அலைமாலை. எப்பாக்சைடின் CH₂ அதன் பிபிஎம் அளவுகோலில் 2.7 முதல் 3-க்குள் தெரியும் என்று படித்திருப்பீர்கள். விளைபொருளிலும் அதே இடத்தில் சிக்னலைப் பார்த்துவிட்டு "வினை நடக்கவே இல்லை" என்று குடுவையைக் கழுவப் போய்விடாதீர்கள். நைட்ரஜனை ஒட்டிய CH₂-வும் அங்கேதான் வரும். பார்க்க வேண்டியது வேறு இரண்டு: 3.4-ஐ ஒட்டியிருந்த எப்பாக்சைடு CH காணாமல் போய் 4-க்கு மேலே ஏறியிருக்கும், 1.1 அருகே ஆறு புரோட்டானுக்கான இரட்டைக் கோடு புதிதாக எழும்பியிருக்கும். அமீனை முழுக்க ஆவியாக்கிய பிறகு பாருங்கள், ஏனென்றால் மிஞ்சிய அமீனும் 1.1 பக்கத்திலேயே ஒரு கோடு காட்டும்.