‘ஹேவிங்’ போட்டால் மட்டும் ஆங்கிலம் வந்துவிடாது

‘கடைக்குப் போய், பால் வாங்கி வந்து, காபி போட்டுக் குடித்தேன்.’ தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். குடித்தேன் ஒன்றுதான் முற்று, மற்றதெல்லாம் வினையெச்சம். இதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நம்மில் பலருக்கு எச்சத்துக்கு ஒரு ‘இங்’ போடத் தோன்றும்: ‘கோயிங் டு தி ஷாப், பையிங் மில்க், மேக்கிங் காஃபி, ஐ டிராங்க் இட்.’ கடைக்குப் போவதும் காபி போடுவதும் குடிப்பதும் ஒரே நேரத்தில் நடந்த மாதிரி இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததற்கு இறந்தகால வினையே போதும்: ‘ஐ வென்ட் டு தி ஷாப், பாட் சம் மில்க், மேட் காஃபி அண்ட் டிராங்க் இட்.’ பள்ளிக்கூட ஆங்கிலம் மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல எழுத்தாளர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

‘ஹேவிங்’ எப்போது வேண்டும்? முதல் செயல் முடிந்துபோனது, அதனால்தான் அடுத்தது என்று காட்டும்போது. ‘ஹேவிங் மிஸ்ட் தி பஸ், ஐ டுக் அன் ஆட்டோ.’ சரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை விண்ணப்பங்களில் இது படும் பாடு! ‘ஹேவிங் கம்ப்ளீட்டட் மை டிகிரி, யுவர் கம்பெனி இஸ் மை ஃபர்ஸ்ட் சாய்ஸ்.’ டிகிரி முடித்தது கம்பெனியா? எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். தொல்காப்பியமும் ‘செய்து’ என்னும் எச்சத்துக்கு இதைத்தான் சொல்கிறது. நாம்தான் ‘மழை பெய்து ஏரி நிரம்பியது’ என்று தாராளமாகப் பேசிப் பழகிவிட்டோம். அந்தத் தாராளத்தோடு ‘ரெய்னிங் ஹெவிலி, தி லேக் ஃபில்ட் அப்’ என்று எழுதினால், ஏரியே மழையாகப் பெய்துவிடும்.

அடுத்தது ‘எட்’ குழப்பம். ‘அரெஸ்டட்’ என்பது கைதுசெய்தான் என்ற முற்றாகவும் வரும், கைதான என்ற பெயரெச்சமாகவும் வரும். ‘தி மேன் அரெஸ்டட் எஸ்டர்டே’ என்று எழுதிப் புள்ளி வைத்தால், ‘நேற்றுக் கைதான ஆள்’ என்று பாதியில் நிற்கும். ‘வாஸ் அரெஸ்டட்’ என்றால்தான் வாக்கியம் முடியும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில், இரண்டுக்கும் வேறு வேறு வடிவம் உள்ள ஒரு வினையைப் போட்டுப் பாருங்கள். ‘டுக்’ பொருந்தினால் இறந்தகாலம். ‘டேக்கன்’ பொருந்தினால் எச்சம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மொழியியலாளர் தாமஸ் பெவர் 1970இல் கொடுத்த ஒரு வாக்கியம் ஆங்கிலேயரையே திணறடிக்கும்: ‘தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.’ குதிரை கொட்டகையைத் தாண்டி ஓடியது என்று படித்துக்கொண்டே போனால், கடைசியில் ‘ஃபெல்’ வந்து இடிக்கும். இலக்கணப்படி அது சரியான வாக்கியமே. ‘ரேஸ்ட்’ இருக்கும் இடத்தில் ‘டிரிவன்’ என்று போட்டுப் படியுங்கள்: கொட்டகையைத் தாண்டி விரட்டிச் செல்லப்பட்ட குதிரை விழுந்தது, அவ்வளவுதான்.