மலைப்பாதையில் பழைய அம்பாசடர் நின்றுவிட்டால்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் அம்பாசடரிலோ பிரீமியர் பத்மினியிலோ கோடையில் ஊட்டிக்குப் புறப்படுவோர், ஒரு பருத்தித் துணியையும் 2 லிட்டர் தண்ணீரையும் எடுத்துச் சென்று, மலை ஏறுகையில் வண்டி திணறி நின்றால், இஞ்சினை அணைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த துணியைப் பெட்ரோல் பம்பின் மீதும் அதற்கு வரும் குழாயின் மீதும் சுற்றிச் சிறிது நேரம் காத்திருக்கலாம். (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் பட்டால் அது வேறு தலைவலி.)

இவ்வண்டிகளில் பம்ப் இஞ்சினோடு ஒட்டியே இருப்பதால், அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. திரவத்துக்கென அமைந்த பம்பால் ஆவியைத் தள்ள முடிவதில்லை. துணியின் ஈரம் உலரும்போது வெப்பத்தையும் இழுத்துக்கொள்வதால் பெட்ரோல் மீண்டும் ஓடத் தொடங்குகிறது.

டீசல் வண்டிக்கும், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும், டாங்கிக்குள்ளேயே மின்பம்ப் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் இது பொருந்தாது. பெட்ரோல் சொட்டினாலோ வாடை பலமாக அடித்தாலோ, துணியை விட்டுவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே முறை.