அக்னாஸ்டிக் என்றால் பாதி நாத்திகர் அல்ல

கல்லூரி விவாதப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். கடவுள் பற்றிய தலைப்பு வந்தால் போதும், இருபது வயதில் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். சின்னச் சறுக்கல்களை விட்டுவிடுகிறேன், பெரிய தவறுகள் மட்டும் இங்கே.

மூவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது

கரும்பலகையில் ஒரு நீளக் கோடு. இந்த முனையில் ஆத்திகர், அந்த முனையில் நாத்திகர், நட்ட நடுவில் அக்னாஸ்டிக், அதாவது கடவுள் உண்டா இல்லையா என்பது தெரியாது என்பவர். போன வாரமும் ஒரு மாணவி இதைத்தான் வரைந்தாள். பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

இந்தக் கோட்டை நம்பித்தான் ஓர் இறுதிச் சுற்றில் அக்னாஸ்டிக்குகளை மதில்மேல் பூனை என்று பேசினேன். எதிரணிப் பெண் எழுந்தாள். "வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், சாமியை நம்புகிறேன். ஆனால் கடவுள் உண்டா என்பதை யாராலும் அறிய முடியாது என்றே நினைக்கிறேன். உங்கள் கோட்டில் நான் எங்கே நிற்பது?" பதில் வரவில்லை. கோப்பை போயிற்று.

நம்புகிறாயா என்பது ஒரு கேள்வி. தெரியுமா என்பது வேறு கேள்வி. நாத்திகம் முதல் கேள்விக்கான பதில், அக்னாஸ்டிக் இரண்டாவதற்கு. 'தெரியாது, நம்பவும் இல்லை' என்பவரும் உண்டு, அந்தப் பெண்ணைப்போல் 'தெரியாது, ஆனாலும் நம்புகிறேன்' என்பவரும் உண்டு. இல்லை என்று அடித்துச் சொல்பவர் மட்டுமே நாத்திகர் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் எந்தப் பொருளில் பேசுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1869-இல் அக்னாஸ்டிக் என்ற சொல்லை உருவாக்கிய ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, இது ஒரு சமயக் கொள்கை அல்ல, ஒரு வழிமுறை என்றார். சான்று இல்லாத இடத்தில் உறுதியாகத் தெரியும் என்று சொல்லாதே என்பதுதான் அது. அதற்குத் துணிச்சல் வேண்டும். அதைக் கோழைத்தனம் என்று பேசியது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

டார்வினை நாத்திகர் என்பது

1879-இல் ஒரு கடிதத்தில் அவரே மறுத்திருக்கிறார். தன் மனநிலைக்குப் பெரும்பாலும் அக்னாஸ்டிக் என்பதே பொருந்தும் என்றார்.

பெரியாரை அக்னாஸ்டிக் என்பது

கடவுள் இல்லவே இல்லை என்றவர் அவர்.

பழைய நாஸ்திகத்தை இன்றைய நாத்திகத்தோடு ஒட்டுவது

இந்தியத் தத்துவ வகைப்பாட்டில் நாஸ்திகர் என்றால் பெரும்பாலும் வேதத்தை ஏற்காதவர். சமணமும் பௌத்தமும் அந்தப் பக்கம் போனது அதனால்தான். வேதச் சடங்குகளுக்கு விளக்கம் தந்த தத்துவப் பள்ளியினரான மீமாம்சகர்களோ உலகைப் படைத்த கடவுள் ஒருவர் தேவையில்லை என்றவர்கள். வேதத்தை ஏற்றதால் ஆஸ்திகர் வரிசையில் இருக்கிறார்கள்.