மழை பேஞ்ச மறுநாள் பறக்கப் போறீங்களா, பெட்ரோல் டேங்க்ல தண்ணி கலந்திருக்கான்னு பாருங்க

நம்ம சுங்கை சிப்புட் பக்கம் சாயங்காலம் ஆனா மழைதான், அதனால செஸ்னா 172 மாதிரி சின்ன ப்ளேன ஈப்போல வெளிய நிறுத்தி வச்சிருக்கவங்க காலைல அத அசைக்கிறதுக்கு முன்னாடியே ரெக்கைக்கு அடியில இருக்கிற வால்வ அமுக்கி ஒரு கப்புல டேங்க் பெட்ரோல எடுத்துப் பாருங்க. சின்ன ப்ளேனுக்கு ஊத்துற பெட்ரோல், அவ்காஸ் 100எல்எல், நீலமா இருக்கும், தண்ணி கனம்ங்கிறதால கீழ முத்து முத்தா தனியா நிக்கும். ஆனா கப்பு முழுக்க தண்ணியாவே வந்துட்டா பிரிஞ்ச கோடே தெரியாது, நானும் ஒரு தடவ அப்படித்தான் சுத்தமா இருக்குன்னு நெனச்சிட்டேன், அதனால பின்னாடி வெள்ளத்தாள் புடிச்சு நீலம் இருக்கான்னு பாத்துட்டு மோந்தும் பாருங்க. தண்ணி நிக்காம வந்துக்கிட்டே இருந்தா அன்னைக்குப் பறக்க வேணாம் லா. டேங்க் மூடியோட ரப்பர் வளையத்தயும் பாருங்க, அது வெடிச்சிருந்தா மழைத்தண்ணி அந்த வழியாவே எறங்கிடும்.