தேர்வு எதையும் படைப்பதில்லை: பரிணாமத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“உயரத்து இலையை எட்டுவதற்காக ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது.” இதில் பிழை ‘எட்டுவதற்காக’ என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. தேவை எந்த உறுப்பையும் உண்டாக்காது. சற்றே நீண்ட கழுத்தோடு பிறந்தவை அதிகக் குட்டிகளை ஈன்றால், அந்த மரபணுக்கள் அடுத்த தலைமுறையில் பெருகும். இதுவே இயற்கைத் தேர்வு. மாறுவது தனி விலங்கு அல்ல, கூட்டம்.

“மருந்துக்கு பாக்டீரியா பழகிவிட்டது” என்பதும் இதே தவறுதான். 1952இல் மரபியல் அறிஞர்களான ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாவை வெல்வெட் துணியில் ஒற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்து கலந்த தட்டில் அப்படியே பதித்தார்கள். எந்த இடத்தில் உயிர் பிழைத்தது என்று பார்த்து, மருந்தே படாத மூலத் தட்டில் அதே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்து வளர்த்தார்கள். மருந்தைச் சந்திக்காமலே எதிர்ப்புத்திறன் கொண்ட வகை கிடைத்தது. சடுதிமாற்றம் (மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம்) முந்தியது, மருந்து அதைச் சலித்தெடுத்தது, அவ்வளவே.

பரிணாமத்தில் ‘தகுதி’ என்றால் வலிமை என்று கொள்ள வேண்டாம்; அந்தந்தச் சூழலில் பிழைத்துப் பெருகும் திறனே அது. பசிபிக் கடலின் காலபாகஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னே மேஜர் தீவில் 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்தன. கடின விதையை உடைக்கும் பெரிய அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன. 1983இன் பெருமழைக்குப் பின் சிறு விதைகள் மலிந்தபோது, சிறிய அலகுக்கு வாய்ப்புக் கூடியது. பரிணாமம் எப்போதும் மேல்நோக்கியே போகும் என்றால், இதில் ஏறுமுகம் எங்கே?

செயற்கைத் தேர்வும் எதையும் படைப்பதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி மூன்றும் ஒரே இனம். இருந்த வேறுபாடுகளில் மனிதர் வெவ்வேறானவற்றைப் பொறுக்கியதன் விளைவு அது.

இனவிருத்தி செய்பவர்கள் அதிகம் சறுக்குவது கணக்கில். கூட்டத்தின் சராசரி எடை 50 கிலோ, தேர்ந்தெடுத்த பெற்றோரின் சராசரி 60 என்றால் குட்டிகளும் 60 வரும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த 10 கிலோ வித்தியாசத்தில் தீவனம், பராமரிப்பின் பங்கும் உண்டு. மரபுப்பேறு (வித்தியாசத்தில் மரபணு வழியே குட்டிகளுக்குப் போகும் பங்கு) 0.3 ஆனால் கூடுவது 3 கிலோ. குட்டிகளின் சராசரி 53. ஆகவே ஒரே தீவனம், ஒரே வயது, ஒரே இடம் என்று வளர்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

ஒரு பண்பை மட்டும் துரத்துவதும் ஆபத்து: வேகமாக எடை கூடத் தேர்ந்த இறைச்சிக் கோழிகளுக்குக் கால் கோளாறும் இதயக் கோளாறும் சேர்ந்தே வந்தன.

ஆண் எண்ணிக்கையைக் குறைப்பதும் அப்படியே. ஓர் ஆண், 20 பெண் கொண்ட கூட்டம், குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தந்தை என்பதால், மரபியல் கணக்கில் சுமார் 4 விலங்குகளுக்குத்தான் சமம். ஆண்களை 4 ஆக்கினால் அது 13ஐத் தாண்டும்.