மீன் தொட்டிப் பாசி: ஒரு பிடி வாங்கினால் போதும்

மீன் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் ஜாவா பாசியைக் (Java moss) கொத்தாகக் கட்டாதீர்கள். கத்தரிக்கோலால் 1 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கல்லிலோ மரக்கட்டையிலோ அடியில் உள்ள பரப்பு ஆங்காங்கே தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்பி, தையல் நூலால் சுற்றிவிடுங்கள். ஒரே ஒரு பிடிப் பாசி நாலைந்து கற்களுக்கு வரும்.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. தண்டாலும் இலையாலுமே உணவை உறிஞ்சுகிறது. அதனால் வெட்டிய ஒவ்வொரு துண்டும் தனியாகத் துளிர்க்கும். தடிமனாக வைத்தால் அடியில் வெளிச்சமும் நீரோட்டமும் போகாமல் பழுப்பேறி அழுகி, மேலே இருக்கும் பச்சையும் கழன்று மிதக்கும். பாசி வளரவில்லை என்று வருந்துபவர்களின் தொட்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

கல்லைப் பற்றிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். பருத்தி நூல் அதற்குள் இற்றுவிடலாம்; நைலான் நூலே நல்லது. நறுக்கும் வேலையைத் தொட்டிக்கு வெளியே செய்யுங்கள், துணுக்குகள் ஃபில்டரை அடைத்துவிடும்.

ரிச்சியா என்ற நீர்த்தாவரத்துக்கு இந்த முறை உதவாது. அது எதையும் பற்றாமல் மிதக்கும் இனம், வலைக்கு அடியில்தான் நிற்கும். தங்கமீன் தொட்டியிலும் வேண்டாம், இளந்துளிரையே மேய்ந்துவிடும். கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டும் வீடுகளில் வளர்ச்சி மந்தமாகும், மழைக்காலத்தில் தொடங்குங்கள்.